சொல்லாமல் கழற்றிய டிஸ்க்

4-9-1978
கம்ப்யூட்டர் இன்றும் நின்றுவிட்டது. இரண்டு வாரத்தில் ஐந்தாவது தடவை.

உதிரிபாகப் பட்டியல் உள்ள டிஸ்க்கை மாலையில் கழற்றி இரும்பு அலமாரியில் பூட்ட வேண்டும். ஐந்து மணிக்குள் சாவி செக்யூரிட்டியிடம் போக வேண்டும். எங்கள் பாலக்காட்டு ஆலையில் இரண்டு வாரமாக நடப்பில் உள்ள புது விதி. சில நாள், கழற்றிய சிறிது நேரத்தில் மெஷினை நடத்தும் மூல புரோகிராம் உறைந்துவிடுகிறது. ஓடிக்கொண்டிருந்த வேலையெல்லாம் போச்சு.

செங்கோட்டையன் தலையைச் சொறிகிறான். சொறியட்டும். என்னைவிட ஆறு வயது இளையவன். என்னை ஒதுக்கிவிட்டு அவனைத்தான் பம்பாய்க்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். இன்று என் மேலதிகாரி.

5-9-1978
பழி ஆபரேட்டர் புஷ்பமேரி தலையில். சுழற்சி நின்று மெஷினில் விளக்கு அணையுமுன் டிஸ்க்கைப் பிடுங்குகிறாளாம். மெமோ கொடுத்தாயிற்று, வெள்ளிக்கிழமைக்குள் பதில் தர வேண்டும். இன்னும் நிரந்தரமாகவில்லை, வேலை போய்விடும். சூரியநெல்லித் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீட்டிலிருந்து படித்து வந்தவள்.

"வெளக்கு அணைஞ்சப்புறந்தான் சார் தொடுதேன்" என்றாள். அழவில்லை.

6-9-1978
நானே கழற்றிப் பார்த்தேன். விளக்கு அணைந்து ஐந்து நிமிடம் காத்திருந்தேன். மெஷின் நின்றது. அடுத்து, கழற்றாமல் சுழற்சியை மட்டும் நிறுத்தினேன். அதற்கும் நின்றது.

ஆக, அவள் கை காரணமில்லை. டிஸ்க் போனது மெஷினுக்குத் தெரியவில்லை. இருப்பதாக நினைத்து எழுதப் போய் விழுகிறது. அதற்கு யார் சொல்வது?

7-9-1978
கையேட்டில் இருக்கிறது. நாற்பத்தொன்றாம் பக்கம். முதலில் டிஸ்க்கை விடுவிக்கும் கட்டளையைத் தட்ட வேண்டும். மெஷின் தன் நினைவில் மிச்சமிருப்பதை அதில் எழுதிவிட்டுப் பதில் தரும். பிறகுதான் நிறுத்தலாம்.

ஆபரேட்டர்களுக்காகச் சுவரில் மாட்டிய வேலைமுறைத் தாளில் அந்த வரி இல்லை. தாளை எழுதியவன் நான்.

பக்கத்தைப் பார்த்ததும் எல்லாம் நினைவுக்கு வந்தது. அந்த வரி விட்டுப்போனது மறதியால் இல்லை. ஜூன் மாதம், அவன் பம்பாயிலிருந்து திரும்பிய வாரம். போய்ப் படிச்சுட்டு வந்தவனுக்கு இதுகூடத் தெரியாதா, நான் எதுக்குச் சொல்லணும்? முழிக்கட்டும்னுதான் விட்டேன். எழுதி மாட்டிவிட்டு மூன்றே மாதத்தில் அப்படி விட்டதை மறந்தும் போனேன்.

புஷ்பமேரி இதில் மாட்டிக்கொள்வாள் என்று நினைத்தேனா? அவளைப் பற்றி நினைக்கவே இல்லை. என்னைப் பற்றித்தான் —

8-9-1978
மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தேன். தெரிந்தே செய்தது என்று.

26-9-1978
என்னை ஸ்டோர்ஸுக்கு மாற்றி இரண்டு வாரமாகிறது. புஷ்பமேரியின் மெமோவை ரத்து செய்துவிட்டார்கள். அவள் என்னிடம் பேசுவதில்லை. நியாயம்தான்.

இன்று செங்கோட்டையன் வந்தார்.

"ஏனுங்க, மறந்து போச்சுன்னு எழுதியிருந்தீங்கன்னா நானே முடிச்சு உட்டிருப்பனுங்களே."

உட்காரச் சொன்னேன். கட்டளை தட்டியும் சில நாள் மெஷின் பதில் தரச் சுணங்குகிறதாம். எதனால் இருக்கும் என்று கேட்டார். எனக்குத் தெரிந்து மூன்று காரணங்கள் உண்டு. மூன்றையும் சொன்னேன்.