மகாராணியின் பிடரி

அன்புத் தங்கச்சிக்கு,

பாப்பாவுக்குக் குளிருமோ என்று பயந்து, பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வராதே.

நீ ஊருக்குப் போன அன்று ராத்திரி அவள் கை சில்லென்று இருந்தது. வீட்டிலிருந்த ஏழு போர்வைகளையும் போர்த்தி ஒரு மலையே எழுப்பினேன். உச்சியில் கொடி நாட்டுவதுதான் பாக்கி. பக்கத்து வீட்டு நர்ஸம்மாவைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினேன்.

"பிள்ளையைத் தூங்க வைக்கிறீங்களா, அவிக்கிறீங்களா? கை சில்லுன்னுதான் இருக்கும், அதை விடுங்க, பிடரியைத் தொட்டுப் பாருங்க!"

வேர்த்திருந்தது. எனக்கும்தான்.

இப்போது பருத்திச் சட்டையும், பை போலத் தைத்த கம்பளி உடுப்பும் மட்டுமே. மணிக்கு நாலாயிரம் தடவை பிடரியைத் தொட்டுப் பார்க்கிறேன்.

நேற்று ராத்திரி மகாராணி விழித்து, உன்னைப் போலவே முறைத்து, என் விரலைப் பிடித்துக்கொண்டே தூங்கிவிட்டாள். விடியும்வரை நான் அசையவில்லை.

நிதானமாக முடித்துவிட்டே வா.

இப்படிக்கு,
அவள் தாய்மாமன்