ஒரு பக்கமாகத் தண்ணீர் குடித்த நாய்

1944 ஆகஸ்ட் 8, செவ்வாய்
கச்சான் காற்று, மணலை வாரிக்கொண்டு. இரண்டு தடவை பெருக்கியும் பாயெல்லாம் நறநற. நாலாம் வகுப்பு நோட்டு 34, திருத்தவில்லை. சீயக்காய் தீர்ந்தது.

ஜிம்மி கஞ்சியை முகர்ந்துவிட்டு விலகிவிட்டான். சாயங்காலம் எஸ்தர் அவன் கழுத்தைக் கட்டிக்கொள்ளப் போனாள். உறுமினான். ஐந்து வருஷத்தில் முதல் தடவை. பிள்ளைக்கு நாலு வயது, பயந்துவிட்டாள். விளக்குமாற்றால் ஓர் அடி வைத்தேன். கத்தவில்லை. கிணற்றடியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான்.

9, புதன்
வாயில் கோழை வடிகிறது. முன்காலால் முகத்தைத் தேய்க்கிறான். படுக்கிறான், எழுகிறான், சுற்றுகிறான். எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை. வகுப்பில் பெருக்கல் கணக்கைக் கூட்டிவைத்தேன். ஒரே சிரிப்பு.

எதிர்வீட்டு அன்னம்மாள்: "ஏளா டீச்சர், வெறி புடிச்சிட்டு. பச்சப்புள்ள இருக்க வீடு. சுட்டுப்போடச் சொல்லு."

ஹார்பர் ஆபீஸிலிருந்து இவர் வந்தார். பார்த்ததும் முகம் வெளுத்தது. ஜிம்மியைச் சங்கிலியில் கட்டினார். எஸ்தரைத் தங்கை வீட்டில் விட்டுவந்தார். "நாளைக்கு முனிசிபாலிட்டி ஆளக் கூட்டியாரேன்."

"ஒரு நாள் பொறுங்க."

"ஒனக்குத் தெரியாது." அவ்வளவுதான். சாப்பிடவில்லை.

10, வியாழன்
லீவு. அடுக்களை ஜன்னலிலிருந்து பார்த்துக் குறித்தது:
தண்ணீருக்குப் பயமில்லை. தானாகவே குடிக்கிறான். ஆனால் தலையைச் சாய்த்து, ஒரு பக்கமாக.
பெயர் சொன்னால் வாலாட்டுகிறான்.
தேய்ப்பது எப்போதும் இடது கன்னம்.
கொட்டாவி பாதியில் நிற்கிறது.
வெறி என்றால் ஒரு பக்கம் மட்டுமா பிடிக்கும்?

மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் விளாத்திகுளத்தில், நாளைக் காலை வருவார். கம்பவுண்டர்: "வாய்க்குள்ள கைய விட்டுராதிய. கட்டுன எடத்துலயே கெடக்கட்டும்."

மத்தியானமே இவர் வந்துவிட்டார். ஆள் வெளியே நிற்கிறான், துப்பாக்கியோடு. குறித்ததை வாசித்துக் காட்டினேன். திண்ணையில் உட்கார்ந்தார். பிறகு, "எனக்கு ஒரு தம்பி உண்டு. எட்டு வயசு. நாய்க்கடி. தண்ணி டம்ளரப் பாத்தே அலறினான். நாந்தான் புடிச்சிட்டிருந்தேன்" என்றார்.

ஏழு வருஷக் குடித்தனம். தம்பி என்று ஒருவன் இருந்ததே தெரியாது.

நீளக் கம்பால் தண்ணீர்ச் சட்டியை ஜிம்மியிடம் தள்ளினார். ஜிம்மி எழுந்தான். குடித்தான். கடைசிச் சொட்டுவரை அசையாமல் பார்த்தார். போய் அந்த ஆளை அனுப்பிவிட்டார்.

11, வெள்ளி
வண்டிக்காரன் ஏற்ற மாட்டேன் என்றான். நடந்தோம். சங்கிலியை இவரே பிடித்துக்கொண்டார், கையை நீட்டி.

டாக்டர் வாயில் கட்டை கொடுத்துத் திறந்தார். மீன் முள்ளெலும்பு, இரண்டு கடைவாய்ப் பற்களுக்கு நடுவே குறுக்காக. இடது பல் அழுகிச் சீழ். பல்லையும் பிடுங்கினார்.

"ரொம்ப நாளா வலிச்சிருக்கும்மா. எலும்பைக் கடிக்காம விட்டிருக்கும், தின்கிறது கீழே விழும், தலையைத் தொட விடாது. கவனிக்கலியா?"

கவனித்தேன். ஆடி பிறந்ததிலிருந்து எலும்பை விட்டுவைத்தான். ருசி கண்டுவிட்டது கழுதை என்று திட்டினேன். செவ்வாய்க்கிழமை அடி வேறு.

12, சனி
குழைந்த சோறு, இரண்டு கை. தின்றான். எஸ்தர் வந்துவிட்டாள், பக்கத்தில் விடவில்லை இன்னும். நோட்டு 34 அப்படியே. கடலைமாவு வாங்க வேண்டும்.

பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இவர் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "ஒனக்கு ஒரு சித்தப்பா உண்டு பாப்பா. பேரு தானியேல். நல்லா விசிலடிப்பான்."