அழிக்கப்படவிருக்கும் டேப்பில் எங்கள் வீடுகள்

அனுப்புநர்:
சு. வேணு, த/பெ சுப்பையா,
முன்பு மோதி பாக் சாக்கடையோரக் குடிசைகள்.
தற்போது முகவரி இல்லை.

பெறுநர்:
தமிழ்நாடு அரசின் சிறப்புப் பிரதிநிதி அவர்கள்,
தமிழ்நாடு இல்லம், புதுதில்லி.
(நேரில்)

பொருள்: இடிக்கப்பட்ட எங்கள் வீடுகளுக்கு ஒரே அத்தாட்சியான வீடியோ டேப்பைத் திங்கட்கிழமைக்குள் பிரதி எடுத்துக் காக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பன்னிரண்டாம் வகுப்பு தேறியவன். கேமரா வேலை கற்க விரும்பி ஒரு வருடம் ஸ்டுடியோ வாசல்களில் நின்றேன். சிபாரிசு இல்லாதவனை வாட்ச்மேனே திருப்பி அனுப்பினார். கடைசியில், தொலைக்காட்சித் தொடர் தயாரிக்கும் 'நவ்ரூப் டெலிவிஷுவல்ஸ்' மேலாளர் உள்ளே விட்டார். என் திறமைக்காக அல்ல. குடிசைகள் இடிபடும் காட்சி ஒன்று அவர்களுக்குத் தேவைப்பட்டது. நான் குடிசையில் இருந்தேன்.

2. எங்கள் இடத்திலேயே படம் பிடித்தார்கள். வாடகை புல்டோசர் வேலம்மாள் அக்காவின் வாசல்வரை வந்து நின்றது. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் பாத்திரம் தேய்ப்பவர் அவர். "ஜோர் ஸே, அம்மா, ஜோர் ஸே" என்று, இன்னும் பலமாக அழச் சொல்லி மேலாளர் கத்தக் கத்த, அக்கா மாரில் அடித்துக்கொண்டு அழுதார். பிறகு எல்லோருக்கும் பூரி கொடுத்தார்கள். சிரித்துக்கொண்டே சாப்பிட்டோம்.

3. மிச்சக் காட்சிக்கு மறுபடி வருவோம், முன்பு எடுத்ததோடு பொருந்த வேண்டும், ஆகவே ஒரு சாமானையும் இடம் மாற்றாமல் அதே துணியில் இருங்கள் என்று சொல்லிப் போனார்கள். அதை வீடுவீடாகத் தமிழில் சொல்ல என்னைத்தான் அனுப்பினார்கள்.

4. அடுத்த வாரம் புல்டோசர் வந்தது. கேமரா பின்னால் வரும் என்று நினைத்தோம். வேலம்மாள் அக்கா ஓடிப்போய் அதே பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து அழுதார். நடுவில் என்னைப் பார்த்து, "இன்னும் சத்தமா அழணுமாடா வேணு?" என்று கேட்டார். அப்போது அவர் வீட்டுச் சுவர் விழுந்தது. எல்லோர் வீட்டிலும் சாமான்கள் உள்ளேயே இருந்தன. ரேஷன் கார்டுகளும்தான். இந்த இடத்தை அரசு நிஜமாகவே இடிக்கப்போவது மேலாளருக்கு முன்பே தெரியும் என்று அவருடைய டிரைவர் பின்னர் சொன்னார்.

5. அதிகாரிகளிடம் மாற்று இடம் கேட்டால், அங்கே குடியிருந்ததற்கு அத்தாட்சி எங்கே என்கிறார்கள். ஐயா, நேற்று முன்தினம் நாடே அந்த வீடுகளைத் தொலைக்காட்சியில் பார்த்தது. "வேலம்மா, ஜல்தி வா, நீ டிவியில வர்றே" என்று வேலை செய்யும் வீட்டு அம்மாள் கூப்பிட, அக்கா ஈரக் கையோடு நின்று தன் வீட்டைப் பார்த்துவிட்டு வந்தார். கதவில் எழுதிய நம்பர்கூடத் தெரிந்ததாம்.

6. ஒளிபரப்பு முடிந்ததும் டேப்பை அழித்து அதிலேயே வேறு படம் பதிவது இந்நிறுவனத்தின் வழக்கம். அழிப்பது என் வேலை. நிரந்தரமாக்குவதாகச் சொல்லி எனக்குக் கொடுத்த வேலை அதுதான். எங்கள் வீடுகள் உள்ள டேப்பைத் திங்கட்கிழமை அழிக்க உத்தரவு. விட்டுவைக்கக் கேட்டேன். "வாசலில் இன்னும் பத்துப் பேர் நிற்கிறார்கள், தெரியுமல்லவா?" என்றார் மேலாளர். தெரியும். நானும் அங்கே நின்றவன்.

ஆகவே தாங்களோ தங்கள் அலுவலரோ திங்கட்கிழமை காலை நிறுவனத்துக்கு வந்து, டேப்பின் பிரதியைக் கேட்டுப் பெற்று, மாற்று இடம் வழங்கும் அதிகாரியிடம் சேர்ப்பிக்கப் பணிவுடன் வேண்டுகிறேன். நான் அழிக்க மாட்டேன். என்னை வெளியே தள்ளிவிட்டு வாசலில் நிற்கும் ஒருவனை உள்ளே கூப்பிட அவர்களுக்கு அரைமணி நேரம் போதும். அவனுக்கும் வேலை வேண்டும். அவன் அழித்துவிடுவான்.

இடம்: புதுதில்லி
நாள்: 20.9.1986

தங்கள் வருகையை எதிர்பார்த்து,
சு. வேணு
வேலம்மாள் (இடது பெருவிரல் ரேகை)