தண்ணீர் அட்டை

எண்ணெய் வயல் முகாம், குஜராத்
3-8-1974

அன்புள்ள ராகவா,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. பதினேழாம் கிணறு நின்றுவிட்டது. எண்ணெய், வாயு, தண்ணீர் மூன்றும் ஒரே குழாயில் எப்படி ஏறும் என்று உன் ஆராய்ச்சிக்காக அடையாற்றுக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு, வால்வைப் பாதி மூடினால் உற்பத்தி கூடும் என்று எழுதினாயே, மூடினேன். நான்காம் நாள் குழாயில் தண்ணீர் தேங்கி, சொட்டு எண்ணெய் மேலே வரவில்லை. என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கணக்கைத் திரும்பப் பார்.

சுயம்புலிங்கம்

மயிலாப்பூர்
10-8-1974

அன்புள்ள சுயம்பு,

என்மேல் எரிந்து விழாதே. கணக்கு சரி, நீ அனுப்பிய அளவுகள்தான் தப்பு. வெயிலுக்குப் பயந்து கொட்டகையில் உட்கார்ந்தே எழுதியிருப்பாய். நேற்று தி.நகரில் உங்கள் பாத்திரக்கடைக்குப் போனேன். உன் அப்பா விசாரித்தார், இதையேதான் சொன்னேன். "எம்மவன் வேலையில ஏய்க்க மாட்டானே தம்பி" என்றார். பிறகு பாத்திரம் அடுக்கப் போய்விட்டார்.

ஸ்ரீனிவாசராகவன்

முகாம்
18-8-1974

ராகவா,

வெட்கமாயில்லை? இருபது நாள், மணிக்கொரு தடவை, கிணற்றடியில் நின்று எடுத்த அளவுகள் அவை. நீ அனுப்பிய அச்சுத்தாளை மறுபடி புரட்டினேன். அதில் எண்ணெய்க்கு ஒரு வரி இருக்கிறது, வாயுவுக்கு இருக்கிறது, தண்ணீருக்கு இல்லை. நூற்றுக்கு முப்பது பங்கு தண்ணீர் என்று நான் எழுதியதை என்ன செய்தாய்? பதில் சொல்லடா.

சுயம்பு

மயிலாப்பூர்
26-8-1974

அன்புள்ள சுயம்பு,

கணக்குப் போடப் போன அன்று சைதாப்பேட்டையில் பஸ் ஏறும்போது, கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் துளையிட்ட அட்டைக்கட்டு கை நழுவிச் சிதறியது. பொறுக்கி அடுக்கினேன். கிணறு நின்றுவிட்டது என்று உன் கடிதம் வந்த அன்றுதான் எண்ணிப் பார்த்தேன். தண்ணீர் அளவைத் துளையிட்ட அட்டை மட்டும் இல்லை. ஆராய்ச்சிப் பட்டம் போய்விடுமே என்று பயந்து, பழியை உன் தலையில் கட்டினேன். உன் அதிகாரிக்கு எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன். மன்னித்துவிடு.

ராகவன்

முகாம்
6-9-1974

ஸ்ரீனிவாசராகவனுக்கு,

வேலை திரும்பக் கிடைத்தது. அட்டை யார் கையிலிருந்தும் விழும், அதற்கு நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாம் தெரிந்துகொண்டே என் அப்பாவிடம் போய்ப் பேசினாயே, அதுதான் ஆறவில்லை. வாராவாரம் எழுதுகிறவர், ஒரு மாதமாக எழுதவில்லை. நேற்று கார்டு வந்தது. "கடைக்கு வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் உன் பேச்சை எடுப்பதில்லை" என்று ஒரே வரி.

குஜராத்துக்கு எழுதத் தெரிந்த உனக்கு, தி.நகருக்குப் பஸ் ஏறத் தெரியவில்லை. போ. அவர் முன்னால் நின்று சொல். சொல்லிவிட்டேன் என்று நீ எனக்கு எழுத வேண்டாம். அப்பா எழுதுவார்.

த. சுயம்புலிங்கம்