செல்வி மொண்ட தண்ணீர்

ஐப்பசி 10, புதன். விடியலிலிருந்து மழை.

பல்கலைக்கழக மாடியில் மீட்டிங். இருந்தவர்கள்: துணைவேந்தர், ரிஜிஸ்ட்ரார், மோட்டார் துறை ஜெகன் சார், கம்ப்யூட்டர் துறை பானு மேடம், தண்ணீர் ஆராய்ச்சி வசந்தா மேடம். டீ தட்டோடு நான்.

சுவரில் வெளிச்சப் படம். இனிமேல் எதெதில் ஆராய்ச்சி, எது நம் பலம் என்று. பேட்டரி வண்டி, ரோபோ, சிப். ஏரி, கிணறு எதுவும் இல்லை.

துணைவேந்தர்: "ஒரகடம் கம்பெனிங்க கேக்கறது பேட்டரி. தண்ணி ப்ராஜெக்ட்ட இதோட முடிச்சிக்கலாம். என்ன மேடம்?"

வசந்தா மேடம் பிஸ்கட்டை டீயில் நனைத்தார். உடைந்து உள்ளே விழுந்தது.

வியாழன். மழை விட்டது. ஃபினாயில் தீர்ந்தது, கேட்க வேண்டும். வாலாஜாபாத் பஸ்ஸில் நின்றே வேலைக்கு வந்தேன். முழங்கால் வலி.

மூன்று வருடம். அமாவாசைக்கு அமாவாசை எங்கள் கிணற்றுத் தண்ணீர் ஒரு பாட்டில் வசந்தா மேடத்திடம் கொடுத்தேன். விரத நாள், அதனால் மறக்காது. முதல் பாட்டில் மட்டும் என் மகள் செல்வி மொண்டது. அப்போதே அவளுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. மேடம் வீட்டுக்கு வந்து, கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "தண்ணிதான் காரணமான்னு கண்டுபிடிச்சி கலெக்டர் கையில குடுக்கறேன் செல்வி."

அந்தத் தை மாதம் செல்வி போய்விட்டாள். தெருவில் சமையலுக்கு இன்னும் அந்தத் தண்ணீர்தான். பேத்தி திவ்யாவும் அதைத்தான் சாப்பிடுகிறாள்.

மாலை சூப்பர்வைசர் குமார் வந்தான். "ஆயா, தண்ணி லேப் ஃப்ரிட்ஜ் இனிமே பேட்டரிகாரங்களுக்கு. பாட்டில எல்லாம் நாளைக்கு சிங்க்ல ஊத்திடு."

"எங்க வூட்டு பாட்டிலயாவது குட்த்துடுடா."

"அதெல்லாம் யுனிவர்சிட்டி சொத்து ஆயா."

"கெணறு உங்கப்பன் தோண்டனதா?"

சிரித்துக்கொண்டே ஆர்டர் காகிதத்தைக் காட்டினான். கீழே மேடத்தின் கையெழுத்து. பச்சை மை.

வெள்ளி. வெயில்.

ஊற்றினேன். நான் மாட்டேன் என்றால் இன்னொருத்தி ஊற்றுவாள். செல்வியின் பாட்டிலை எடுத்ததும் கை நின்றது. வாசலில் மேடம். கழுத்தில் புது அட்டை, பேட்டரி துறை என்று போட்டது.

"அதையும் ஊத்திடு ஆயா. வெச்சிக்கினு இன்னா பண்ணப் போற?"

"ரிப்போர்ட்டு இன்னாச்சும்மா?"

"பாதியில நின்னுடுச்சி. எனக்கும் குடும்பம் இருக்குதில்ல."

ஊற்றினேன். பாட்டில் மேலிருந்த சீட்டை மட்டும் நகத்தால் உரித்து வந்து இந்த நோட்டில் ஒட்டியிருக்கிறேன். செல்வி எழுத்து: எங்கள் வீட்டுக் கிணறு, காலை ஆறு மணி.

துணைவேந்தருக்குச் செல்வி யாரென்றே தெரியாது. குமார், சொன்னதைச் செய்கிறவன். என் வீட்டுக் கட்டிலில் வந்து உட்கார்ந்தது ஒருத்திதான்.

வசந்தா.