நீ காட்டாத குழி

சொட்டு நீலத்தின் வாசனை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. இன்று காலை லாட்ஜ் மொட்டை மாடியில் காய்ந்த பெட்ஷீட்டை எடுத்து, அதன் இரண்டு முனைகளைப் புதிதாய் வேலைக்கு வந்தவள் கையில் கொடுத்தேன். பெரிய கட்டிலின் விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது. அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். உதறி, இழுத்துப் பிடித்து, அப்புறம் நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். நான் இழுப்பதற்கு முன்பே அவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். துணி தொய்ந்து தரையில் புரண்டது. "ஏம்மா, பந்தியில எடம் புடிக்கவா ஓடியார்ற?" என்று கேட்டேன். சிரித்தாள். அந்த முனையை இத்தனை வருஷம் பிடித்திருந்தவள் நீ. உனக்கு எதையும் சொல்ல வேண்டியதே இருந்ததில்லை. என் கை இழுத்து முடித்தால் உன் கால் நடக்கும்.

அந்த வாசனையோடு உன் மேலிருக்கிற கோபமும் வந்துவிட்டது. செத்தவள் மேல் கோபம் வைக்கக் கூடாது என்கிறார் என் வீட்டுக்காரர். அவருக்கென்ன, விழுந்தது அவரா?

நாலாவதோடு நின்றவள் எழுதுகிறேன், தப்பிருந்தால் கண்டுகொள்ளாதே. நீ ஐந்தாவது வரை போனவள். அந்த ஒரு வகுப்புப் பெருமையைக் கடைசி வரைக்கும் நீ இறக்கி வைக்கவே இல்லை.

ரேஸ் பேச்சை எடுத்ததே நீதான். சந்திரகிரிப் பக்கம் நம் ஊரிலிருந்து திருப்பதி லாட்ஜுக்கு தினமும் சைக்கிளில்தான் வந்துகொண்டிருந்தோம். கூடையும் சாப்பாட்டுத் தூக்கும் மாட்டிய, கடகடக்கிற சைக்கிள்கள். ஒரு நாள் ரிசப்ஷனில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் படித்துவிட்டு, கையிலிருந்த துடைப்பத்தைக்கூடக் கீழே போடாமல் மாடிக்கு ஓடி வந்தாய். பெண்களுக்கான ரேஸ், சாதா சைக்கிள் போதும், இதுவரை எந்த ரேஸிலும் ஓட்டாதவர்கள் மட்டும்தான் வரலாம். திருப்பதியில் கிளம்பி, சந்திரகிரிக் கோட்டை வரை போய்த் திரும்ப வேண்டும். முதலில் வருகிறவளுக்கு ஒரு கியர் சைக்கிள்.

"நாம டெய்லி ஓட்றது அதே ரோடு தானடி. கூடைய கயட்டிட்டா ரேஸு" என்றாய்.

மேனேஜர் தெலுங்கில் கேட்டார், நீங்கள் இரண்டு பேரும் ஜெயித்துப் போய்விட்டால் என் பெட்ஷீட்டை எல்லாம் யாரம்மா மடிப்பது என்று. உங்களுக்கும் இரண்டு கை இருக்கிறதே சார் என்று நானும் தெலுங்கிலேயே சொன்னேன். என் வீட்டுக்காரர் மட்டும் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "எந்த பஸ்ஸ தொரத்தப் போறீங்க?" என்றார்.

அப்புறம் நீ போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தாய். யாரோ வெள்ளைக்காரர்கள், குனிந்த முதுகோடு வரிசையாய்ப் பறக்கிறார்கள். அவர்கள் பேசுவது உனக்கும் புரியாது, எனக்கும் புரியாது. ஆனாலும் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தாய். வாழைப்பழத்தை ஓட்டிக்கொண்டே துன்ன வேண்டும் என்றாய். நான் தோலோடு கடித்தேன். காலில் முடி எடுக்க வேண்டும் என்றாய். திருமலையில் எடுக்கிற முடி போதாதா என்று கேட்டேன். சீட்டை உயர்த்த வேண்டும் என்றாய். உயர்த்திய முதல் நாள் இறங்கத் தெரியாமல், உங்கள் வீட்டு மாட்டின் மேல் சாய்ந்துதான் நின்றேன். மாடு என்னைப் பார்த்த பார்வைக்கு ஊரே சிரித்தது.

நீ கண்டுபிடித்ததிலேயே பெரியது ஒட்டிப் போவது. ஒருத்தி முன்னால் போய் எதிர்க்காற்றை வாங்க, மற்றவள் ஒரு முழம் விட்டு அவள் பின்னாலேயே போனால் பின்னவளுக்குப் பாதிச் சிரமம். கொஞ்ச தூரம் போனதும் இடம் மாற்றிக்கொள்ளலாம். கேட்க நன்றாய்த்தான் இருந்தது. ஆனால் அவ்வளவு ஒட்டிப் போனால் பின்னால் இருப்பவளுக்கு ரோடே தெரியாது. முன்னவளின் முதுகும் ஜாக்கெட்டு ஊக்கும்தான் தெரியும். பெல்லை அடித்துக்கொண்டே வந்தேன், பிரேக்கை விடவே இல்லை.

நீ சைக்கிளை நிறுத்திவிட்டுத் திரும்பினாய். "என் முதுகையே பாத்துக்கினு வா. ரோட்ட நான் பாத்துக்கறேன்."

அதற்கும் வீடியோவில் ஒரு வழி இருந்தது. குழி வந்தால் முன்னால் போகிறவள் இடது கையைக் கீழே இறக்கிக் காட்ட வேண்டும். பின்னவள் ஒதுங்கிக்கொள்வாள். மறுநாளிலிருந்து அப்படியே வந்தோம். உன் கை இறங்கும், நான் ஒதுங்குவேன். என் கை இறங்கும், நீ ஒதுங்குவாய். மாங்கூழ் கம்பெனியைத் தாண்டி வளைவில் ஒரு பெரிய குழி இருந்ததே, லாரி இறங்கி இறங்கிப் பள்ளமாய்ப் போனது. அங்கே மட்டும் நீ கையை இரண்டு தடவை இறக்குவாய். கொஞ்ச நாளில் எனக்குப் பயமே போய்விட்டது. பெட்ஷீட் மடிக்கிற மாதிரிதான், நடுவில் துணி இல்லை, அவ்வளவுதான்.

ரேஸ் முடிகிற கோட்டில் இரண்டு பேரும் ஒன்றாய்த் தாண்டுவது என்று முடிவு செய்தோம். உன் கை என் தோளில், என் கை உன் தோளில். கியர் சைக்கிள் கிடைத்தால் ஒரு நாள் உன் வீட்டில், ஒரு நாள் என் வீட்டில். அமாவாசைக்கு மட்டும் பூசை போட்டு நிறுத்தி வைப்போம் என்றாய்.

ரேஸுக்கு முந்தின வாரம் ஏற்றத்தில் நான் உன்னைத் தாண்டினேன். மறுநாளும் தாண்டினேன். வேண்டுமென்று இல்லை, என் காலுக்கு அன்றைக்குத்தான் விஷயம் புரிந்தது போலிருக்கிறது. மேலே நின்று, "பாட்டீ, கைத்தடி எடுத்தாரவா?" என்று கேட்டேன். எப்போதும் கேட்கிற மாதிரிதான். என்னை நீ செய்யாத கேலியா? அன்று நீ சிரித்தாய் என்றுதான் நினைத்தேன். அதற்கப்புறம் வீடியோ காட்டுவதை நிறுத்திவிட்டாய். போனில் சார்ஜ் இல்லை என்றாய், அதையும் நம்பினேன்.

ரேஸ் அன்று காலை நெஞ்சில் நம்பர் துணி குத்திக்கொண்டு நின்றோம். உன் ஊக்கு பிடிக்கவில்லை என்று என் ஊக்கில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தேன். போகும்போது எல்லாம் நன்றாய்த்தான் இருந்தது. மலைக்கு நடந்து போகிறவர்களும், மொட்டை போட்டுச் சந்தனம் பூசி வேனில் திரும்புகிறவர்களும் நம்மைப் பார்த்து "கோவிந்தா கோவிந்தா" என்று கத்தினார்கள். என் பேரைச் சொல்லித்தான் கத்துகிறார்கள் என்று கோவிந்தம்மாவாகிய நான் கை ஆட்டினேன். நீ முன்னாலிருந்தே, "ஏய் கோயிந்தி, முதுக பாரு" என்றாய்.

கோட்டையில் திரும்பினோம். நமக்கு முன்னால் நாலைந்து பேர்தான், எல்லாருக்கும் மூச்சு வாங்கியது. நான் முன்னால் போய்க் காற்று வாங்கிக் கொடுத்தேன், அப்புறம் நீ வந்தாய். மாங்கூழ் கம்பெனி வந்தது. புளித்த மாம்பழ வாடையே சொல்லிவிடும், அடுத்து வளைவு என்று. நான் உன் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஹேண்டில்பாரிலேயே இருந்தது.

உன் சைக்கிள் லேசாய் வலது பக்கம் வளைந்து போனது. அடுத்த நிமிஷம் நான் ரோட்டில் கிடந்தேன்.

முட்டி போனது, உள்ளங்கை போனது, செயின் கழன்றது. அதெல்லாம் கிடக்கட்டும். தலையைத் தூக்கிப் பார்த்தேன். நீ திரும்பிப் பார்த்தாய். உன் முகம் எனக்குத் தெரிந்தது, என் முகம் உனக்குத் தெரிந்தது. அப்புறம் முன்னால் திரும்பி, சீட்டை விட்டு எழுந்து நின்று மிதித்தாய்.

யாரோ செயினை மாட்டிக் கொடுத்தார்கள். கடைசி ஆளாய் வந்து சேர்ந்தேன். நீ நாலாவது. கியர் சைக்கிளை வேறு யாரோ தள்ளிக்கொண்டு போனார்கள். ஓட்டி முடித்த எல்லாருக்கும் ஒரே மாதிரி பதக்கம் போட்டார்கள், உனக்கும் எனக்கும் ஒரே தகடு. நாலாவது இடத்துக்காடி? மூன்றாவது வந்திருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

"பாக்கலடி" என்றாய். நான் தலையாட்டினேன். பார்க்காதவள் எப்படிச் சுற்றிக்கொண்டு போவாள் என்று கேட்க வாயெடுத்து, அதற்குப் பதிலாய், "பரவால்ல, ரோட்ட கிட்டக்க பாத்து ரொம்ப நாளாச்சி" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை.

அதற்கப்புறமும் தினம் பெட்ஷீட் மடித்தோம். இழுப்போம், நடப்போம், முகத்துக்கு முகம் வந்து முனையைக் கொடுப்போம். ஒரு சொல்லுக்காக ஒவ்வொரு தடவையும் காத்திருந்தேன். உன்னிடமிருந்து வந்ததெல்லாம் நீல வாசனைதான். ஒரே ஒரு நாள், துணியை என் கையில் கொடுத்துவிட்டு, விடாமல் பிடித்துக்கொண்டே சொன்னாய்: "அந்தக் குழிய மூடிட்டாங்கடி. தார் போட்டாங்க."

"அப்டியா" என்றேன். நீ முனையை விட்டாய். அப்புறம் மழைக்காலத்தில் உனக்குக் காமாலை வந்தது. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்தாய், பேசத் தெம்பில்லை. பிடித்த கையையும் பாதியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாய். நீ முன்னால், நான் பின்னால், கை காட்டாமல்.

இப்போது தனியாகத்தான் வந்துகொண்டிருக்கிறேன். சீட்டை இறக்கவில்லை. ஊரில் நன்றாய் இறங்கிப் பழகிவிட்டேன், மாடு பிழைத்தது. பின்னால் யாரும் இல்லை. இருந்தாலும் குழியைப் பார்த்ததும் இடது கை தானாகக் கீழே போகிறது. லாரிக்காரன் எல்லாம் நான் திரும்பப் போகிறேன் என்று நினைத்து ஹாரன் அடிக்கிறான்.

மாங்கூழ் கம்பெனி வளைவில் ரோடு வழவழவென்று இருக்கிறது. இன்று காலையும் அங்கே கையை இறக்கினேன், இரண்டு தடவை.