ஏழாவது பாட்டின் சொந்தக்காரி

எருக்கலம்பிட்டி,
புதன்கிழமை.

அன்பின் ஜெசிக்கா,

அல்லாஹ்வின் உதவியால் இங்கே எல்லாரும் சுகம். நீயும் அந்தக் குளிர்நாட்டில் தொண்டை கட்டாமல் இருக்க வேண்டும். இந்தக் கடிதம் உன் அண்ணன் றெனால்டின் பெட்டியில் கருவாட்டோடு கனடா வருகிறது. மணந்தால் என்னைத் திட்டாதே. வொய்ஸ் மெசேஜ் பேசிப் பேசி ஐந்து தடவை அழித்துவிட்டேன். உன் போனையும் இப்போது மனேஜர்தான் பார்க்கிறாராம்.

முதலில் நல்ல செய்தி. ‘கழுதை றோட்டு’ அல்பத்தைக் கேட்காத ஆள் மன்னாரில் இல்லை. ரியூசன் போகிற வழியில் பஸ்ஸை மறித்து நின்ற கழுதைகளைப் பார்த்து நாம் அந்தப் பெயரை வைத்தபோது, இருபது இலட்சம் பேர் கேட்பார்கள் என்று யாரடி நினைத்தது? பொம்பிளைப் பிள்ளை ராப் படிக்கிறதோ என்று முகம் சுளித்தவர்களே இப்போது மீன் சந்தையில் வரி பிசகாமல் பாடுகிறார்கள். எங்கள் வீட்டு மூத்தவர் றம்ஸீன் நானாவின் ஓட்டோவில் வேறு பாட்டே கிடையாது. எனக்குப் பேசி வைத்திருக்கும் பாஹிம்கூட ஏழாவது பாட்டைத்தான் ரிங்டோனாக வைத்திருக்கிறாராம். எழுதியது நான் என்று தெரிந்தால் என்ன செய்வாரோ தெரியாது.

அந்த ஏழாவது பாட்டால்தான் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அரிசியைக் களையாமல் உலையில் போடுகிறேன். யாராவது கேற்றைத் தட்டினால் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் திறக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை நானா உன் பேட்டியை உம்மாவுக்குப் போட்டுக் காட்டினார். அந்தப் பாட்டின் கதை எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டதற்கு, அது எங்கட அம்மா சொன்னது என்றாய். நான் கதவடியில் நின்று கேட்டேன். கலியாணம் பேசுகிறார்கள், என் பெயர் வெளியே வரக்கூடாது என்று உன்னிடம் சத்தியம் வாங்கியவள் நான்தான். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாய். தெரியும். ஆனாலும் கோபம் வந்தது, ஜெசி. தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்கள் எல்லாரும் ஊரைவிட்டு வெளியேற வேண்டும் என்று புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தபோது, தோய்த்த உடுப்பைக் கொடியில் விட்டுவிட்டு, ஈரக் கையோடு கல்பிட்டிக்கு வள்ளம் ஏறியது என் உம்மா. உன் அம்மா வள்ளம் ஏறியது இராமேஸ்வரத்துக்கு. அது வேறு கதை. அதை நீ ஆயிரம் தடவை பாடலாம். இது, புத்தளம் முகாமில் நான் சின்னப் பிள்ளையாக உம்மாவின் மடியில் படுத்துக் கேட்டது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் உனக்கு எழுதித் தந்தேன். பிழை கூடுதலாக என்னுடையதுதான்.

உம்மா கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் சந்தோஷப்படுகிறார்! அதுதான் என்னைக் கொல்கிறது. தன்னைப் போலவே உடுப்பைக் கொடியில் விட்டுவிட்டுப் போன இன்னொருத்தி உங்கள் விடத்தல்தீவில் இருக்கிறாளாம். ‘அந்தப் புள்ளைட உம்மாவைப் பாக்கோணும், மழை இருட்டினா அவவும் கொடியடிக்கு ஓடுறவவோ எண்டு கேக்கோணும், இவ்வளவு வருசமும் எனக்கு மட்டும்தான் விசர் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான்’ என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். கொண்டுபோக இனிப்புக்குத் தொதலும் கிண்டியாயிற்று. ஒருநாள் பஸ் இல்லை என்றேன். இன்னொருநாள் உன் அம்மா மடு மாதா கோயிலுக்குப் போய்விட்டார் என்றேன். இனிச் சொல்ல என்னிடம் பொய் இல்லை. திங்கட்கிழமை நானாவின் ஓட்டோவில் கட்டாயம் போவாராம். உன் அம்மா, பாவம், வாசலில் நின்று என்ன உடுப்பு, என்ன கொடி என்று கேட்பார். அந்த நேரம் உம்மாவின் முகம் என்ன ஆகும்?

நானே சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை குசினிக்குள் போனேன். மூன்று தடவையும் தேங்காய் துருவிக் கொடுத்துவிட்டு வந்தேன். கோழை என்று திட்டு, பரவாயில்லை. ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. நான் குசினியில் சொன்னால் அது குசினியோடு போய்விடும். இருபது இலட்சம் பேர் கேட்க அவரிடமிருந்து எடுத்ததை, அத்தனை பேரும் கேட்கத்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

உனக்குச் சனிக்கிழமை மாலை மேடை. எங்களுக்கு அது ஞாயிறு விடிய. சுபஹுத் தொழுத கையோடு நானா நேரலையைப் போட, உம்மா முன்கதிரையில் இருப்பார். ஏழாவது பாட்டுக்கு முன் இசையைக் கொஞ்சம் நிறுத்து. இது எருக்கலம்பிட்டி சரீபாவின் கதை என்று சொல். என் பெயரைச் சொல்ல வேண்டாம். சரீபா என்றதுமே எழுதியது யார் என்று ஊருக்கு விளங்கிவிடும். விளங்கட்டும். பாஹிம் வீட்டார் சம்பந்தம் வேண்டாம் என்றால் அதுவும் நடக்கட்டும். பயமாகத்தான் இருக்கிறது. என் கோணல் எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும்.

முகாமில் தந்த நிவாரண அட்டையில்கூட உம்மாவின் பெயர் இருக்கவில்லை, ஜெசி. ‘ஜவாஹிரின் மனைவி’ என்றுதான் இருந்தது. நீயாவது அவர் பெயரைச் சத்தமாகச் சொல். அதுவரைக்கும் உன் தொண்டைக்கு ஒரு குறையும் வரக்கூடாதென்று ஐந்து நேரமும் துஆக் கேட்பேன்.

என்றும் உன்,
சரீபா மகள் றிஸானா.